அளவுக்கு நின்னவ

ஊசி குத்திடுமோன்னு நீங்க ஒதுங்கி ஒதுங்கி உக்காரறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. நல்லா சாஞ்சு உக்காருங்க கண்ணு. இது குத்தாது. மொனை மழுங்கின பின்னல் ஊசி. ரெண்டு ஊசிக்கும் நடுவுல ஒயர் இருக்கு பாருங்க, பஸ்ஸு குலுங்கினாலும் கண்ணி கழலாது. சிங்காநல்லூர்ல ஏறினதுலேருந்து எல்லாரும் என்னையேதான் பாக்கறாங்க. இந்த வெயில்ல மடியில கம்பளி நூல வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தா பாக்கத்தானே செய்வாங்க. கண்டக்டர் தம்பி கேட்டே புட்டாரு, "எந்த ஊருக்கும்மா ஸ்வெட்டரு?"ன்னு. விருதுநகருக்குன்னேன். சிரிச்சுட்டாரு. சிரிக்கட்டும். நாலு பேர் சிரிக்கறது இப்ப எனக்குப் பழகிப்போச்சு.

நான் குன்னூரு. எம் பேரு கனகமணி. மதுரையில எறங்கி வேற பஸ் புடிக்கணும். விருதுநகர்ல எம் மருமக இருக்கா, அவ அம்மா வீட்ல. கிறிஸ்துமஸுக்குன்னு போனவ, பொங்கலும் முடிஞ்சாச்சு, இன்னும் வரல. கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளா மாட்டாளா தெரியாது. போன் பண்ணினா "பாக்கலாம் அத்தே"ங்கறா. சண்டை போட்டிருந்தா பரவால்ல. நானும் நாலு வார்த்த பேசி, ரெண்டு பேரும் அழுது, அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இவ மரியாதையா பேசறா. சாப்ட்டீங்களா அத்தே, மாத்திரை போட்டீங்களா அத்தேங்கறா. அதான் எனக்குத் தாங்கல.

ஒரு ஸ்வெட்டரு கண்ணு. ஒரே ஒரு ஸ்வெட்டரு. வெளியில சொன்னா வெக்கக்கேடு.

உங்களுக்கு என்ன, மதுரை வரைக்கும் நேரம் இருக்குல்ல? சொல்றேன். யாரு பேர்ல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க சபையில போதகர ஐயர்னு சொல்லுவோம். அவரு வீட்டம்மா ஐயரம்மா. போன ஜூன்ல மாத்தலாகி வந்தாங்க, சொந்த ஊரு தூத்துக்குடிப் பக்கம். கடல் காத்துல வளந்த ஒடம்பு. மழை ஆரம்பிச்சதுமே கோயில்ல முன் வரிசையில வெடவெடன்னு ஒதறிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்குப் பாக்கப் பாக்க மனசு கேக்கல. நான் அப்படித்தான். ஒருத்தருக்குக் குளுருதுன்னா என்னால பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் செக்ரட்டரி. டிசம்பர்ல எங்களுக்குன்னு தனியா ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை உண்டு. பொம்பளைங்களே பாடி, பொம்பளைங்களே பிரசங்கம் பண்ணி, கடைசியில ஐயரம்மாவுக்கு ஒரு பரிசு குடுப்போம். எப்பவும் ஹாட்பாக்ஸ், இல்லன்னா பெட்ஷீட்டு. முந்தின வருஷ ஆராதனையில எங்க சங்கத்து டெய்சி டீச்சர் என்ன பண்ணிட்டா, அப்ப இருந்த ஐயரம்மாவுக்கு ஒரு சால்வை பின்னிக் குடுத்துட்டா. வெறும் சால்வை! நேரா போயி நேரா வரணும், அவ்வளவுதான், தூங்கிக்கிட்டே போடலாம். அதுக்கே சபையில அவள வாரக்கணக்குல தூக்கி வெச்சுப் பேசினாங்க. அதனாலதான் இந்தத் தடவ நான்...

அதனாலன்னு இல்ல. ஐயரம்மா மேல பாவப்பட்டுத்தான் பின்னினேன். டெய்சியும் ஒரு ஓரத்துல இருந்தான்னு வெச்சுக்கோங்க.

நான் பின்னினது முன்னால பட்டன் வெச்ச ஸ்வெட்டரு, கார்டிகன். அதுவும் சும்மா கார்டிகன் இல்ல கண்ணு. எங்க காலத்து மொறையில முதுகு தனியா, முன்பக்கம் ரெண்டு தனியா, கை ரெண்டு தனியா பின்னிட்டு அப்புறமா உக்காந்து எல்லாத்தையும் சேத்துத் தைப்போம். அக்குள்ல அந்தத் தையலு தடிப்பா நின்னு உறுத்தும். இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. கழுத்துல ஆரம்பிச்சு மேலேருந்து கீழ எறங்கறது. தோள்கிட்ட நாலு எடத்துல கண்ணிய ஏத்திக்கிட்டே வந்தா, அது விரிஞ்சு விரிஞ்சு தோளாயிடும். அக்குள் வந்ததும் கைக்கு வேண்டிய கண்ணிய ஒரு நூல்ல கோத்து ஓரமா ஒதுக்கிட்டு, ஒடம்ப இடுப்பு வரைக்கும் எறக்கிட்டு, திரும்பி வந்து கையப் புடிக்கணும். ஒரு எடத்துல தையல் கெடையாது. எம் மருமகதான் போன்ல வீடியோ காட்டினா. வெள்ளைக்காரி ஒருத்தி தடதடன்னு பேசறா, எனக்கு எங்க புரியுது? இவதான் நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொல்லுவா. எப்சிபான்னு பேரு. எப்சின்னு கூப்டுவோம். பி.காம் படிச்சிருக்கா. எம் பையன் ஆல்பர்ட்டுக்கும் அவளுக்கும் போன வைகாசியிலதான் கல்யாணம் ஆச்சு. குன்னூர்க் குளுரு அவளுக்கு இதான் மொதல் தடவ.

இந்தப் பின்னல்ல ஒரு வசதி, பின்னப் பின்ன ஆள் மேல போட்டுப் பாத்துக்கலாம். வசதின்னு சொல்றேன், வெனையும் அங்கதான். துண்டு துண்டா பின்னறதுக்கு டேப்பு போதும். இதுக்கு ஆள் வேணும். தோள் எங்க முடியுது, அக்குள் எங்க வருது, எல்லாம் ஒடம்பு மேல வெச்சுத்தான் முடிவு பண்ணணும். ஐயரம்மாவ வரச்சொல்லி நிக்க வெக்க முடியுமா? ரகசியமாச்சே. நல்லவேளை, எப்சியும் அவங்களும் ஒரே வாகு. ஒல்லி, ஒசரம், தோள் கொஞ்சம் சரிஞ்சாப்ல. பின்னாலேருந்து பாத்தா யாரு எவருன்னு தெரியாது. கர்த்தரே வீட்டுக்குள்ள ஒரு ஆள் அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

எப்சிகிட்ட யாருக்குன்னு சொல்லல. பாடகர் குழுவுல அவ டெய்சி பக்கத்துலதான் நிக்கறவ. வாய் தவறிச் சொல்லிட்டான்னா? அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல. அவளும் யாருக்குன்னு கேக்கல. கேட்டிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல?

சாயங்காலம் டீ குடிச்சதும் கூப்டுவேன். "எப்சி, வாம்மா, போட்டுப் பாரு." வந்து நிப்பா. "ஜெர்கினக் கழட்டு." கழட்டுவா. ஆல்பர்ட்டோட பழைய ஜெர்கின்தான் போட்டிருப்பா. நல்ல ஜெர்கின். ஜிப்பு மட்டும் பாதியில நின்னுடும். என்ன கேக்கறீங்க? அவளுக்குன்னு ஸ்வெட்டரா? இருக்கு கண்ணு, மலைக்குக் கீழேருந்து வரும்போது ஒண்ணு கொண்டாந்தா, அது கீழ ஊருக்குத்தான் ஆகும். எனக்குப் பின்னத் தெரியும்னு குன்னூருக்கே தெரியும். ஆர்டர் அது இதுன்னு வந்துக்கிட்டே இருக்கும். வீட்டாளுங்களுக்கு உக்காந்து பின்ன நேரம் எங்க இருக்கு?

கண்ணியெல்லாத்தையும் வேற நூலுக்கு மாத்திட்டுத்தான் போட்டுப் பாக்கணும்னு அந்த வெள்ளைக்காரி சொல்லுவா. எனக்கு அதுக்குப் பொறுமை இல்ல. ஊசியோடயே மாட்டி விட்டுடுவேன். ஊசி கழுத்துல பட்டா சில்லுன்னு இருக்கும்போல, நெளிவா. "ஆடாத"ம்பேன். வெளியில மிஸ்டு எறங்கி ஜன்னலெல்லாம் வெள்ளையா இருக்கும். இவ மெல்லிசு நைட்டியோட நின்னுக்கிட்டு நடுங்குவா. "நடுங்காத எப்சி, கண்ணி கழண்டுடும்"பேன். மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்பா பாவம். ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லல. அதான் நானும்...

கலர்கூட அவதான் சொன்னா. "எந்தக் கலர் எடுப்பா இருக்கும்?"னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "நாவப்பழக் கலர் அத்தே"ன்னா. பட்டன் வாங்கவும் அவளத்தான் அனுப்பினேன். கடை கடையா ஏறி எறங்கி தேங்காச்செரட்டையில பண்ணின பட்டன் கொண்டாந்தா. அவ்வளவு நல்லா இருந்துச்சு. கை பின்னறப்ப மெதுவா வந்து, "அத்தே, கைய இன்னும் கொஞ்சம் நீளமா விட்டு, நுனியில கட்டவெரல் நொழையற மாதிரி ஒரு ஓட்டை வெக்கலாமா? பாத்திரம் கழுவிட்டு வந்தா வெரலெல்லாம் மரத்துப்போகுது"ன்னா. நல்ல யோசனைதான். ஐயரம்மாவும் பாட்டுப் புஸ்தகம் புடிக்கறப்ப கை வெறைக்குதுன்னு சொல்லுவாங்க. வெச்சேன். ரெண்டு கையிலயும் அழகா ஓட்டை வெச்சேன். எப்சி வெரல நொழச்சுப் பாத்துட்டு கண்ணாடி முன்னாடி போயி நின்னா. முன்பக்கம் பாத்தா, திரும்பி முதுகப் பாத்தா, கைய மடக்கி கன்னத்துல வெச்சுப் பாத்தா. "கழட்டும்மா, பார்டர் போடணும்"னேன்.

எனக்கு எப்படித் தெரியும் அவ மனசுல என்ன இருக்குன்னு?

நீங்க அப்படிப் பாக்காதீங்க கண்ணு.

சரி. ஒண்ணு சொல்றேன், இத ஆல்பர்ட்கிட்டகூட சொன்னதில்ல. ஒரு நாள் அடுப்படிக்குத் தண்ணி குடிக்கப் போனேன். பின்கட்டுல நின்னு அவ அம்மாகூடப் பேசிக்கிட்டிருந்தா. "அத்த எனக்கு ஸ்வெட்டர் பின்றாங்கம்மா. எங்கிட்டச் சொல்லவே மாட்டேங்கறாங்க, சர்ப்ரைஸாம். ஆனா என் மேலயே வெச்சு வெச்சுப் பாக்கறாங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறா. கல்யாணமாகி வந்ததுலேருந்து அவ அந்த மாதிரிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. தண்ணி குடிக்காமத் திரும்பி வந்துட்டேன்.

அப்பவே கூப்ட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா அப்ப இடது கை இன்னும் பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. சொல்லிட்டா அவ நிக்கறதுக்கு மனசு வருமா? நின்னாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பா. அப்புறம் அளவு சரியா வராது. முடிச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். முடிச்சேன். அப்பவும் வாய் வரல. அவளுக்கு ஒண்ணு தனியா பின்னிடலாம், அப்பச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். தெரிஞ்சே பண்ணினேன்னு சொல்லாதீங்க. தெரியாமப் பண்ணினேன்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆராதனை அன்னிக்குக் காலையில, நான் அதக் கலர்பேப்பர்ல சுத்திக்கிட்டிருக்கேன். எப்சி குளிச்சுட்டு வந்து நிக்கறா. இளஞ்செவப்பு சேலை. நாவப்பழக் கலருக்கு அவ்வளவு பொருத்தம். "அத்தே, இன்னிக்கே போட்டுக்கலாமா?"ன்னா. என்ன சொன்னேன் தெரியுமா? "அங்க வந்து பாத்துக்கலாம், கெளம்பு"ன்னேன். கர்த்தர் பெறந்தநாள் ஆராதனைக்குப் போறப்ப. இந்த வாயால.

கோயில் நெறஞ்சிருந்துச்சு. பாட்டெல்லாம் முடிஞ்சு என்னய மேடைக்குக் கூப்ட்டாங்க. பார்சல எடுத்துக்கிட்டு ஏறினேன். மைக்குல பேசினேன். "இது கடையில வாங்கினதில்ல, என் கையால பின்னினது, கழுத்துலேருந்து நுனி வரைக்கும் ஒரு தையல் கெடையாது"ன்னேன். டெய்சி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்தேன். சத்தியமா அவளத்தான் மொதல்ல பாத்தேன். அப்புறம்தான் எப்சி பக்கம் கண்ணு போச்சு. எப்சி ஜெர்கினக் கழட்டி, மடிச்சு, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. முதுக நேரா வெச்சுக்கிட்டு. கூப்ட்டதும் எந்திரிச்சு வரணும்ல, அதுக்கு.

"நம்ம ஐயரம்மாவுக்கு"ன்னு சொல்லி முடிச்சேன். சொல்லித்தானே ஆகணும், அவ்வளவு பேரு முன்னாடி வேற என்ன பண்றது? எல்லாரும் கை தட்டினாங்க. எப்சியும் தட்டினா. தட்டிட்டு, மடியில இருந்த ஜெர்கின எடுத்து மறுபடியும் மாட்டிக்கிட்டா. ஜிப்ப மேல இழுத்தா. அது பாதியில நின்னுச்சு. அங்கயே விட்டுட்டா.

அதோட போயிருந்தா எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். ஐயரம்மா சந்தோஷத்துல அங்கயே பிரிச்சுப் போட்டுக்கிட்டாங்க. தோள் கச்சிதம், இடுப்பு கச்சிதம். கை மட்டும் நீளம். "இது என்னக்கா, கை நுனியில ஓட்டை?"ன்னாங்க. கீழேருந்து டெய்சி, "கண்ணி விட்டுப்போச்சா கனகமணி?"ன்னா. சிரிப்பு. எனக்கு வந்துச்சே ஒரு ரோஷம். கண்ணி விட்டுப்போச்சாம், எனக்கு! மைக்கு கையில இருக்கறதயே மறந்துட்டேன். "விட்டுப்போகல, எப்சிதான் கேட்டா, பாத்திரம் கழுவினா வெரல் மரக்குதுன்னு, அதான் வெச்சேன்"னுட்டேன்.

கோயில் பூரா கேட்டுச்சு. ஒவ்வொருத்தரா திரும்பி எப்சியப் பாத்தாங்க, அவ போட்டிருந்த ஜெர்கினப் பாத்தாங்க, அப்புறம் என்னயப் பாத்தாங்க. தரை பொளந்து உள்ள போயிடக் கூடாதான்னு இருந்துச்சு. ஐயரம்மா மொகம் செவந்துபோச்சு. கட்டவெரல அந்த ஓட்டையிலேருந்து மெதுவா வெளிய எடுத்தாங்க. அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

எப்சி என்ன பண்ணினாங்கறீங்க? கீழ ஹால்ல எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுத்தா. எனக்குச் சக்கர போடாம தனியா கொண்டாந்து குடுத்தா.

ரெண்டு நாள் கழிச்சு ஐயரம்மா வீட்டுக்கு வந்தாங்க. தொவைச்சு மடிச்சுக் கொண்டாந்திருந்தாங்க. "அக்கா, இத எப்சிக்கே குடுத்துருங்க, எனக்குப் போட்டா மனசு உறுத்துது"ன்னாங்க. தையலே இல்லாமப் பின்னினது, அது அவங்களுக்கு உறுத்துச்சு பாருங்க. எப்சி காபி கொண்டாந்து வெச்சுட்டு, "உங்களுக்குச் சரியாத்தானே இருந்துச்சு ஐயரம்மா, நீங்களே வெச்சுக்கோங்க"ன்னா. அவங்க நாற்காலி மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. அது அங்கயே கெடந்துச்சு. இவ தொடல. நானும் தொடல. ஆல்பர்ட் வந்து பாத்துட்டு உள்ள போனான்.

எனக்கு வெக்கம் வந்தா கோவமாத்தான் வெளிய வரும். சின்ன வயசுலேருந்தே அப்படி. மறுநாள் அத எடுத்தேன். "யாருக்கும் வேணாம்னா யாருக்கும் வேணாம்"னு சொல்லி கை நுனியப் பிரிச்சு இழுத்துட்டேன். தையல் இல்லாததுல இது ஒண்ணு, பிரிக்க ஆரம்பிச்சா தங்கு தடையில்லாம வந்துடும். சரசரன்னு வருது. நூலு தரையெல்லாம் குவியுது, சிக்காகுது. எப்சி என்ன பண்ணினா? வந்து எம் முன்னாடி உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினா. நாங்க நூல் சுத்தறப்ப ஒருத்தர் கைய நீட்டிக்கிட்டு உக்காருவோம், சிக்காம இருக்க. அப்படி நீட்டினா. இழுக்க இழுக்க அவ கையில சுத்திக்கிட்டே இருந்தேன். கை போச்சு, இடுப்பு போச்சு, தோள் போச்சு, கழுத்தும் போச்சு. கையக் கீழ எறக்கல அவ. "வலிக்குதா?"ன்னு கேட்டேன். "இல்ல அத்தே"ன்னா. அதுக்கு மறு வாரம்தான் ஊருக்குப் போனா.

அந்த நூலு பீரோவுல கெடக்கு. எனக்கு அதத் தொடக் கூச்சமா இருக்கு. இது புது நூலு. இந்தத் தடவ அவளுக்கே அவளுக்குன்னு பின்னறேன். கையில குடுத்து வாடின்னு கூப்டணும். சாம்பல் கலரு. கலர் அவகிட்டக் கேக்கல, என்னன்னு கேப்பேன்? அடுப்படியில வேலை செய்யறவ, இதுன்னா அழுக்கு தெரியாது.

ஏன், நல்லா இல்லையா? ம்.

எனக்கும் கடையில வாங்கறப்ப ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

தாராபுரம் தாண்டினதுலேருந்து ஊசி அசையலையே, கவனிச்சீங்களா? அக்குள் வந்துடுச்சு. இங்க கைக்கண்ணிய ஒதுக்கணும். அதுக்குத் தோள் அளவு தெரியணும். எனக்குத் தெரியல கண்ணு. சொன்னா நம்ப மாட்டீங்க. நித்தமும் அவள நிக்க வெச்சுப் பாத்தவ நான். ஆனா நான் பாத்ததெல்லாம் ஐயரம்மா தோளு. எப்சி தோள் எப்படி இருக்கும்னு கண்ண மூடிப் பாக்கறேன், வர மாட்டேங்குது. சரிஞ்ச தோள்னு வாய் சொல்லுது, கண்ணுல தெரியல.

நீங்க கிட்டத்தட்ட அவ ஒடம்புதான். ஒரு ஒதவி பண்றீங்களா? எந்திரிக்க வேணாம், பஸ்ஸு ஆடுது. இப்படிக் கொஞ்சம் முன்னால சாய்ங்க. தோள் மேல ஒரு நிமிஷம் வெச்சுப் பாத்துட்டு எடுத்துடறேன். இது உங்களுக்கு இல்ல கண்ணு, எம் மருமகளுக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க...

இல்ல. ஒண்ணுமில்ல. குத்திடுச்சா? இல்லையே. நீங்க சாஞ்சுக்கோங்க. வேணாம், நான் எடுத்துட்டேன்.

உங்க பேருகூட எனக்குத் தெரியாது. உங்க தோள்ல வெக்கறதுக்கு முந்தியே "இது உங்களுக்கு இல்ல"ங்கற அந்த வார்த்த எனக்கு வாயில வந்துடுச்சு பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சு, சொல்றதுக்கு? எம் மருமக எம் முன்னாடி அத்தன நாள் நின்னா கண்ணு. அவகிட்டச் சொல்லல.